சீட்டுக்கு அடியில் வேப்பிலை

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பர்மியப் பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் பாதி சவரம் செய்த முகத்தோடு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

நாகப்பட்டினத்தில் இதைப் படிக்கும் உறவினர்கள் அவசரப்பட்டு எதையும் கற்பனை செய்ய வேண்டாம். நாற்பத்தாறு வயது, முன்மண்டை வழுக்கை, ரங்கூனில் பசுந்தாங் ஓடைக்கரை நெல் மில்லில் மூட்டைகளோடு மாரடிக்கும் குமாஸ்தா. இப்படிப்பட்டவனைத் தேடி எந்தப் பெண்ணும் அந்த மாதிரிக் காரியத்துக்கு வருவதில்லை. வந்தவள் பெயர் மா சேன். புரோம் ரஸ்தாவில் பௌந்தே என்ற ஊருக்கு அருகில் ஒரு சின்னக் கிராமத்துக்காரி. சென்ற வருஷம் மாசி மாதம், நோயாய்க் கிடந்த என் பெண்ணோடு எங்களைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவள். தபாங் மாதப் பௌர்ணமிக்குப் பெரிய பகோடா திருவிழா பார்க்க ரங்கூன் வந்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவளைக் கண்டால் ஓடிப்போய்க் கும்பிடத்தானே வேண்டும்? நானும் ஓடினேன். திசைதான் வேறு.

காரணம் இதுதான். கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்துத் தாடையை மழித்துக்கொண்டிருந்தபோது அவள் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தேன். ஒரு கையில் துணி மூட்டை. மறு கையில் அவளுடைய மூத்த பெண். அவளுக்கு இரண்டு குழந்தைகள். சின்னவன், மூன்று வயதுப் பையன், கூட இல்லை.

அந்தச் சின்னவன் உயிரோடு இருக்கிறானா என்பது ஒரு வருஷமாக எனக்குத் தெரியாது. இல்லையென்றால் அதற்கு நான்தான் காரணம் என்பது மட்டும் தெரியும்.

2

எல்லாம் ஒரு மோட்டாரால் வந்த வினை.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் காதர் மரைக்காயர், இங்கே துணி வியாபாரம் செய்கிறவர், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு மரக்கம்பெனித் துரையிடமிருந்து பழைய அமெரிக்க மோட்டார் ஒன்றை வாங்கினார். புரோமில் அவருக்கு ஒரு கிளைக்கடை. அதே புரோமில் என் மைத்துனன் ரயில்வேயில் இருக்கிறான். "பிள்ளைவாள், குடும்பத்தோட வாங்க, ஜாலியாப் போயிட்டு வரலாம்" என்றார். புரோமுக்கு நல்ல ரயில் இருக்கிறது. ஏறிப் படுத்தால் போதும். ஆனால் ரயிலில் போனால் யார் பார்ப்பார்கள்? மோட்டாரில் போனால் ஊருக்கு எழுதலாம் அல்லவா? எழுதியும்விட்டேன். 'அடுத்த வாரம் மோட்டாரில் உள்நாடு சுற்றப் போகிறோம்' என்ற என் கடிதம் நாகப்பட்டினத்தில் வீடு வீடாகப் போய்வந்ததாகக் கேள்வி. பிறகு என்ன ஆயிற்று என்று யாருக்கும் நான் எழுதவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

புறப்படும் காலையிலேயே என் பெண் வள்ளி சோர்ந்திருந்தாள். எங்களுக்கு அவள் ஒரே குழந்தை, அப்போது எட்டு வயது. என் மனைவி செல்லம் அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, கொதிக்குதுங்க. தொட்டுப் பாருங்க."

"மோட்டார்ல ஏறினா காத்து அடிக்கும். காத்து அடிச்சா சூடு எறங்கும். சயின்ஸ்."

"எந்த சயின்ஸ்?"

"மோட்டார் சயின்ஸ்."

செல்லம் பதில் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். அவள் பதில் சொல்லாத சமயங்களில் எல்லாம் நான் ஜெயித்துவிட்டதாக நினைப்பது வழக்கம்.

இன்சின் தாண்டும்வரை ரஸ்தா ரஸ்தாவாக இருந்தது. அப்புறம் அது வண்டித் தடம், அப்புறம் புழுதி, அப்புறம் ஓர் அபிப்பிராயம் மட்டுமே. இருபுறமும் அறுத்த வயலின் தாள். எருமை வண்டிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒதுங்குவார்கள். சற்று நேரத்தில் எஞ்சின் நின்று நாங்கள் நிற்க, அதே வண்டிக்காரர்கள் அதே சிரிப்போடு எங்களைத் தாண்டிப் போவார்கள். முதல் நாள் தாராவதியில் தங்கினோம். மறுநாள் வெயில் ஏறியபோது எஞ்சின் மூடியிலிருந்து ஆவி பறந்தது. வள்ளி அம்மா மடியில் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். ரஸ்தா ஓரத்தில், வழிப்போக்கர்களுக்காக வைத்திருந்த தண்ணீர்ப் பானைக்கு அருகில் மரைக்காயர் வண்டியை நிறுத்தினார். கையில் ஒரு குவளைத் தண்ணீரோடு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைவாள், எஞ்சினும் கொதிக்குது, குழந்தையும் கொதிக்குது. எதுக்கு முதல்ல?"

நான் சிரித்தேன். அந்தப் பிரயாணத்தில் நான் நிஜமாகச் சிரித்தது அதுதான் கடைசி. செல்லம் குழந்தையின் கழுத்துப் பித்தானைக் கழற்றி ஈரத்துணியால் துடைக்கப் போனவள், கையை அப்படியே நிறுத்தினாள். மார்பு முழுக்கப் பொட்டுப் பொட்டாக நீர் கோத்த கொப்புளம்.

செல்லம் துணியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"தாயே, வந்துட்டியா" என்றாள்.

3

நான் சபைகளில் பூசாரி மாதிரி ஆடிக்காட்டிப் பெயர் வாங்கியவன். பசுந்தாங்கில் எந்தக் கல்யாணத்திலும் இரண்டாம் பந்தி முடிந்தபின் "பிள்ளை, அந்தச் சாமியாட்டம்!" என்று கேட்பார்கள். கண்ணை உருட்டி, துண்டை இடுப்பில் கட்டி, "அடேய், கூழ் ஊத்தினியாடா?" என்று கத்துவேன். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த மனிதன் புரோம் ரஸ்தாவில் மூன்று நிமிஷத்தில் பரம பக்தனானான். கழுத்தில் மாலை போட்டுக்கொள்ளாததுதான் குறை. பெரியம்மையா சின்னம்மையா என்று பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. "வேப்பிலை! வேப்பிலை!" என்று கூவிக்கொண்டு ரஸ்தாவில் இங்குமங்கும் ஓடினேன். நல்லவேளையாக அந்தப் பக்கம் வறண்ட பூமி, வேப்பமரம் உண்டு. மரைக்காயர் சராயை மடித்துக்கொண்டு மரம் ஏறினார்.

"உங்களுக்கு இது தோஷமில்லையா, மரைக்காயரே?" என்று கீழே நின்று கேட்டேன்.

"எங்க உம்மா காலத்திலேயே எங்க வீட்டு வாசல்லயும் வேப்பிலை செருகியிருக்கு. மோட்டாருக்குச் செருகித்தான் நான் பார்த்ததில்லை. பிடிங்க!"

இரண்டு விளக்கிலும் ஒவ்வொரு கொத்து, மேற்கூரையின் நான்கு முனையிலும் நான்கு. மோட்டார் அம்மன் சப்பரம் மாதிரி ஆகிவிட்டது. பின் சீட்டு முழுதும் வேப்பிலை பரப்பி வள்ளியைப் படுக்கவைத்தோம். வீட்டில் அம்மை போட்டால் தாளிக்கக் கூடாது, அந்த நெடி ஆத்தாளுக்கு ஆகாது. பெட்ரோல் நெடி ஆகுமா என்பதைப் பற்றிப் பெரியவர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. "போயிட்டு வரேன்" என்று அம்மை வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. நாங்களோ வீட்டையே சக்கரத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம்.

சிறு வயதில், ஊரில் எங்கள் தெருவில் ஒருநாள் மோர்ப் பாத்திரத்தோடு என்னை ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். நிலைப்படியில் வேப்பிலை. பாத்திரத்தைப் படியில் வைத்து, "மோர் வெச்சிருக்கு" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. விளக்க வேண்டியதுமில்லை. வேப்பிலையைப் பார்த்தால் வாசலோடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஆத்தாளுக்கு மரியாதை என்று அதைச் சொல்வார்கள். தெருவில் இருக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் அதுதான் காவல் என்பதை நான் புரிந்துகொண்டது நாற்பத்தைந்து வயதுக்கு மேல், குளியலறையில்.

இன்னொன்றும் அன்று ரஸ்தாவில் நினைவுக்கு வந்து என்னை ஆட்டிவைத்தது. நான் முதன்முதலில் ரங்கூனுக்கு வந்தது கப்பல் டெக்கில். இறங்குவதற்குமுன் எல்லோரையும் ஆடுமாடு மாதிரி வரிசையில் நிறுத்தி நாக்கு, கண், கை பார்த்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. குழந்தையின் நெற்றியில் இரண்டு கொப்புளம். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். குழந்தையைத் தனியாக ஒரு படகில் இறக்கினார்கள். தாய் கத்தின பிறகு அவளையும் இறக்கினார்கள். அந்தப் படகு எங்கே போயிற்று என்று நான் யாரையும் கேட்கவில்லை. என் முறை வந்ததும் நாக்கை நீட்டினேன்.

வேப்பிலைச் சப்பரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் படகையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு கிராமத்தார் பார்ப்பார்கள், தலைவரிடம் சொல்வார்கள், தலைவர் சர்க்காருக்கு எழுதுவார், எங்கோ ஒரு கொட்டகையில் என் பெண்ணைத் தனியே போடுவார்கள்.

இப்படி நினைத்து முடிக்கவும் பள்ளத்தில் இறங்கிய மோட்டாரின் அச்சு 'மடக்' என்று முறியவும் சரியாக இருந்தது.

4

கூப்பிடு தூரத்தில் ஒரு கிராமம். அங்கிருந்து ஆட்கள் வருவது தெரிந்தது. நான் பாய்ந்துபோய் வேப்பிலைக் கொத்துகளைப் பிய்த்து, வள்ளிக்குப் பரப்பியிருந்ததையும் வாரி, பின் சீட்டுக்கு அடியில் திணித்தேன்.

செல்லம் என் கையைப் பிடித்தாள். "என்ன பண்றீங்க? ஆத்தாளைச் சீட்டுக்கு அடியில தள்றீங்களா? உருப்படுவோமா?"

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா கூழ் ஊத்திச் சமாதானம் பண்ணலாம். சர்க்கார் கோவிச்சுக்கிட்டா எதை ஊத்துவே? கழுத்துவரைக்கும் போர்த்து. யாரு கேட்டாலும் வெயில்னு சொல்லு."

"எனக்கு எங்க பர்மா பாஷை தெரியும்?"

"அப்ப நான் சொல்றேன்."

என் பர்மிய பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தனை வருஷத்தில் அது மில் வாசலைத் தாண்டியதில்லை. 'தூக்கு', 'அங்கே வை', 'நாளைக்கு வா', 'அரிசி ஈரம்'. இதற்கு மேல் தேவைப்பட்டால் கையை ஆட்டுவேன். வள்ளி நேர்மாறு. சந்தில் பர்மியக் குழந்தைகளோடே வளர்ந்தவள். கன்னத்தில் தனக்கா சந்தனம் பூசிக்கொண்டு, தூக்கத்தில்கூட பர்மிய பாஷையில்தான் சண்டை போடுவாள். தமிழை மருந்து மாதிரி வாயில் ஊற்ற வேண்டும். "தமிழ்ல பேசுடி" என்று நான் அதட்டாத நாள் கிடையாது.

இரண்டு ஜோடி எருதுகளைப் பூட்டி மோட்டாரைக் கிராமத்துக்குள் இழுத்துப் போனார்கள். கால் நட்டு உயர்த்திக் கட்டிய ஒரு மர வீட்டின் முன்னால் நிறுத்தினார்கள். அந்த வீட்டுக்காரிதான் மா சேன். முப்பது வயது இருக்கும். இடுப்பில் லுங்கி, தலையில் ஒரு பூ. துவண்டுகிடந்த வள்ளியைப் பார்த்ததும் புத்த மடத்துச் சத்திரத்துக்குப் போக வேண்டாம், தன் வீட்டிலேயே தங்கலாம் என்று கையைக் காட்டினாள். பெண்ணுக்கு என்ன என்று கேட்டாள்.

"வெயில்!" என்றேன். "பெண், வெயில்! மோட்டார், வெயில்! நாளைக்கு நல்லது!"

அவளுடைய குழந்தைகள் இருவரும் மோட்டாரைச் சுற்றி வந்தார்கள். சின்னவன் ஒரு சட்டை மட்டும் போட்டிருந்தான். கீழே ஒன்றுமில்லை. ரப்பர்க் குமிழ் வைத்த ஹாரனை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். செல்லம் வள்ளியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். பின் சீட்டு காலியாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் சாதாரணம் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே. அந்தப் பையனை அலாக்காகத் தூக்கி, வள்ளி படுத்திருந்த அந்தச் சூடு ஆறாத இடத்தில் உட்காரவைத்தேன். முன்னால் எட்டி ஹாரனை அமுக்கி, "பாம்! பாம்!" என்று காட்டினேன். பையன் கைகொட்டிச் சிரித்தான். ஊரே சிரித்தது. எனக்குக் கைதட்டல் என்றால் உயிர். இன்னும் இரண்டு முறை அமுக்கினேன்.

தோளில் கிடந்த வள்ளி முனகினாள். மா சேனைப் பார்த்து பர்மிய பாஷையில் ஏதோ சொன்னாள். "வாயை மூடிக்கிட்டுப் படுடி" என்று நான் பல்லைக் கடித்தேன்.

மா சேன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிரித்துக்கொண்டே வந்து பையனைத் தூக்கிக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் திரும்பி வந்து, சாமான் இறக்க உதவினாள். குனிந்தபோது சீட்டுக்கு அடியில் கை போயிற்று. ஒரு கட்டு வேப்பிலையை வெளியே எடுத்தாள், அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

மூளை வேலை செய்யாத நேரத்தில்தான் என் வாய் பிரமாதமாக வேலை செய்யும். பர்மியர்கள் வேப்பங்கொழுந்தை அவித்து, நப்பி என்னும் மீன் விழுதில் தொட்டுத் தின்பார்கள் என்பது ஞாபகம் வந்தது.

"சாப்பிட!" என்றேன். வயிற்றைத் தடவிக் காட்டினேன். "ரொம்பப் பிடிக்கும்! உங்களுக்குத்தான்!"

சாயங்காலம், பொழுது சாயுமுன், தட்டு வந்தது. ஆவி பறக்கும் அவித்த வேப்பிலை. பக்கத்தில் ஒரு கிண்ணம் நப்பி. நான் மீன் வாடை அடித்தால் தெருவை மாற்றிப் போகும் சைவன். மா சேன் எதிரே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மரைக்காயர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் தோள் மட்டும் குலுங்கியது. கொடுத்ததை அவிக்காவிட்டால் என் முகம் வாடும் என்று அவள் அவித்திருந்தாள். அவித்ததைத் தின்னாவிட்டால் பொய் வெளுக்கும் என்று நான் தின்றேன்.

எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"இனிக்கிறது" என்றேன்.

உள்ளறையில் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்த செல்லம், நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்ததும் சொன்னாள். "ஆத்தாளைத் தின்னுட்டீங்க."

5

அச்சுக்கு மாற்று வாங்க மரைக்காயர் ரயிலில் போனார். கொப்புளம் பழுத்து, வற்றி, பொருக்குத் தட்டும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். சின்னம்மைதான். தினமும் காலையில் கீழ்ப்படியில் ஒரு முறத்தில் இளங்கொழுந்து வேப்பிலையும் சீவிய இளநீரும் இருக்கும். யாரும் மேலே ஏறி வரமாட்டார்கள். மா சேனும் படிக்குக் கீழே நின்றே சிரித்துப் பேசுவாள். கூச்ச சுபாவம் உள்ள ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேப்பிலையை எனக்குச் சமைக்க அனுப்புகிறாள் என்று பயந்து, உடனுக்குடன் எடுத்து வள்ளிக்குப் பரப்பச் செல்லத்திடம் கொடுத்துவிடுவேன். அவளுடைய புருஷனோ குழந்தைகளோ கண்ணில் படவில்லை. வயல் வேலை இருக்கும் என்று நினைத்தேன். நினைப்பதற்கு எனக்கு அவ்வளவு சௌகரியமாக ஏதாவது கிடைத்துக்கொண்டே இருந்தது.

மரைக்காயர் புது அச்சோடு திரும்பி, வள்ளிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கிளம்பும் நாளும் வந்தது. மோட்டாரில் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தேன். மா சேன் அண்டை வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டே வார்த்தைகள் புரிந்தன. 'சின்னவன்'. 'காய்ச்சல்'.

ஒரு மனிதன் அப்போது என்ன செய்ய வேண்டும்? நடந்துபோய்க் கேட்க வேண்டும். நான் முன் சீட்டில் ஏறி, "மரைக்காயரே, சீக்கிரம், எஞ்சின் சூடாகறதுக்குள்ள" என்றேன். எஞ்சினை அப்போது கிளப்பியிருக்கவே இல்லை.

இந்த ஒரு வருஷத்தில் வேப்பிலையும் நப்பியும் தின்ற கதையை மில்லில் நூறு தரம் சொல்லியிருப்பேன். ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகில் வரும் கூலியாட்கள்கூடக் கேட்டுச் சிரித்தார்கள். ஹாரன் பகுதியை மட்டும் விட்டுவிடுவேன். மரைக்காயர் புரோம் போய்விட்டு வந்து, "பிள்ளைவாள், அந்தப் பௌந்தே பக்கம்..." என்று ஆரம்பிப்பார். "ஐயோ, நாக்கு கசக்குது!" என்று நாக்கை நீட்டிக்காட்டுவேன். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

6

குளியலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் வள்ளியும் மா சேனும் பேசும் பர்மியப் பேச்சு. செல்லத்தின் காலடி கதவருகே வந்தது.

"ஏங்க, வெளியில வாங்க. மா சேன் வந்திருக்காங்க."

"வயிறு சரியில்லை."

"வயிறு சரியில்லாதவரு சவரக் கத்தியை எதுக்கு எடுத்துக்கிட்டுப் போனீங்க?"

முகத்தில் சோப்பு காய்ந்து இழுத்தது. தாழ்ப்பாளில் கைவைத்தேன், எடுத்தேன். கடைசியில் கதவின் இடுக்கில் வாயை வைத்துக் கேட்டேன்.

"செல்லம், சின்னவன் எங்கே?"

"எந்தச் சின்னவன்?"

"அவ பையன். அவன் வரலை. ஒரு பொண்ணோடதான் வந்திருக்கா. நான் அவனை அந்தச் சீட்டுல உட்காரவெச்சேன், செல்லம். நாம அங்கேருந்து கிளம்பறப்ப அவனுக்குக் காய்ச்சல். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கிளம்பினேன்."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்லம், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "இதையா வருஷம் பூரா வெச்சுக்கிட்டிருந்தீங்க?" என்றாள்.

அப்போது மாடிப்படியில் ஒரு சத்தம் ஏறி வந்தது.

"பாம்! பாம்! பாம்!"

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். ஒரு கன்னம் வழவழப்பு, ஒரு கன்னம் சோப்பு. வாசலில் வள்ளி, இடுப்பில் அந்தப் பையன். தெருவில் தகப்பன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தவனை இவள் ஓடிப்போய் வாங்கி வந்திருக்கிறாள். நன்றாக வளர்ந்திருந்தான். இப்போது கீழேயும் ஏதோ போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் என் மூக்கைப் பிடித்து அமுக்கி, "பாம்!" என்றான்.

அவன் மூக்கின் ஓரத்தில் அரிசியளவு ஒரு பள்ளம். வள்ளியின் புருவத்தில் இருப்பதைப்போலவே ஒரு வடு.

"இவனுக்கும் வந்துச்சாம்பா" என்றாள் வள்ளி. "நெறைய வந்துச்சாம். ரொம்ப அழுதானாம். அவங்க அப்பாதான் வயல் குடிசையில தனியா வெச்சுப் பார்த்துக்கிட்டாராம். அக்காவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஊர்ல வேற யாருக்கும் வரலையாம்."

"வயல் குடிசைக்கு எப்போ போனாங்க?"

"நாம அங்க போய்ச் சேர்ந்த அன்னிக்கே. நான் சொன்னேனே."

"நீ என்னடி சொன்னே?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "எனக்குக் கொப்புளம் இருக்கு, பாப்பாவை அந்த சீட்லேருந்து தூக்கிக்கோங்கன்னு சொன்னேன். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

பக்கத்தில்தான் இருந்தேன். வாயை மூடு என்றும் சொன்னேன். காய்ச்சலில் கண்ணைத் திறக்க முடியாத எட்டு வயதுக் குழந்தை, எந்தப் பாஷையைப் பேசாதே என்று நான் தினமும் அதட்டினேனோ அந்தப் பாஷையில் உண்மையைச் சொல்லியிருக்கிறது. பெற்றவன் அதே நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"மா சேன்தான் சொல்லாதேன்னாங்க. அப்பாவுக்கு ஆனாடேயா இருக்கும்னு."

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? இங்கே எல்லாவற்றுக்கும் ஆனாடேதான். நம்மால் எதிராளிக்கு ஒரு சங்கடம், ஒரு முகவாட்டம் வந்துவிடக் கூடாதே என்று தன்னை அடக்கிக்கொள்வது. விருந்தாளி பசி என்று சொல்லமாட்டான். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவான். இந்த ஜனங்களுக்கு வாய் இல்லை என்று மில்லில் இதையும் நடித்துக்காட்டிச் சிரித்திருக்கிறேன். தன் பிள்ளைக்கு நோயைக் கொண்டுவந்தவன் எதிரில் உட்கார்ந்து பொய் சொல்ல, அவன் முகம் வாடக் கூடாது என்று அவள் வேப்பிலை அவித்துக்கொடுத்தாள். காலையில் எழுந்து அவனுடைய குழந்தைக்கு இளநீர் சீவி வைத்துவிட்டு, தன் பிள்ளையைத் தூர நின்று பார்க்க வயலுக்கு நடந்தாள்.

"உனக்கும் தெரியுமா?" என்று செல்லத்தைக் கேட்டேன்.

"வள்ளி அன்னிக்கே சொன்னா. பையன் பிழைச்சது மரைக்காயர் சொல்லித் தெரியும். உங்ககிட்ட எத்தனை தரம் ஆரம்பிச்சிருப்பேன்? பௌந்தேன்னு வாயெடுத்தாலே நாக்கை நீட்டிக்கிட்டு எழுந்து போயிடுவீங்க. சரி, தமாஷாத்தான் இருக்காருன்னு விட்டுட்டேன்."

முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மா சேன் எழுந்து நின்று சிரித்தாள். அதே சிரிப்பு, ஓர் இழை கூடவுமில்லை குறையவுமில்லை. அதற்குள் மேலே வந்திருந்த அவள் புருஷன் தலையை ஆட்டினான். நான் கையைக் கூப்பினேன். சொல்ல வேண்டியதை வள்ளியிடம் தமிழில் சொல்லி, பர்மிய பாஷையில் சொல்லச் சொன்னேன். வள்ளி ஆரம்பித்தாள். நாலு வார்த்தை போவதற்குள் மா சேன் கையை வீசி, ரயிலில் கூட்டம் ஜாஸ்தி என்று பேச்சை மாற்றிவிட்டாள். அவளை மன்னிக்கச் சொல்வதுகூட அவளுக்குச் சங்கடம் கொடுப்பதாகிவிடும் போலிருந்தது. அந்த வழியையும் எனக்கு அடைத்துவிட்டாள்.

பிறகு தன் துணி மூட்டையை அவிழ்த்தாள். ஈரத்துணியில் பக்குவமாகச் சுற்றிய ஒரு கட்டு. உள்ளே இளஞ்சிவப்பாக வேப்பங்கொழுந்து. ரங்கூனில் இது அகப்படாது, உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமே என்று எடுத்துவந்தேன் என்றாள். வள்ளி இதைத் தமிழில் சொல்லும்போது சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். மா சேன் முகத்தில் குறும்பு இருக்கிறதா என்று தேடினேன். இருந்ததா இல்லையா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

என் சைவ அடுப்பில் செல்லமே அதை அவித்தாள். நப்பியும் மா சேனே கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். பையன் என் மடியில் ஏறிக்கொண்டான். ஒரு கொழுந்தை எடுத்து, கிண்ணத்தில் தொட்டு, வாயில் போட்டு, முழுதும் மென்று விழுங்கினேன்.

எப்படி இருக்கிறது என்று மா சேன் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச பர்மிய பாஷையில் அதற்கு ஒரு சொல் இருந்தது. வள்ளி எனக்காகச் சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நானே சொன்னேன்.

"கசக்கிறது. ரொம்பக் கசக்கிறது."

"ஆமாம்" என்றாள் மா சேன். தன் தட்டிலிருந்து இன்னும் ஒரு பிடி எடுத்து என் தட்டில் வைத்தாள்.